பழைய லாண்ட் றோவரும் புதிய எஞ்சினும்

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து அன்பர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தந்தையார் விட்டுச் சென்ற லாண்ட் றோவர் வண்டியொன்று அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதாம். மூன்றாந் தொடரைச் சேர்ந்த, 88 அங்குல நீளச் சில்லிடைவெளியுள்ள பெற்றோல் வண்டி. எஞ்சின் தளர்ந்துவிட்டது, புகை கக்குகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு டர்போ டீசல் எஞ்சினொன்றைப் பூட்டுவோம் என்று மூத்த மகனும் இளைய மகனும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டு வீட்டுக் கூரையைத் திருத்துவோம் என்கிறார் மனைவியார். “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று என்னை வினவியுள்ளார் அன்பர்.

இப்பகுதியை வாரந்தோறும் வாசித்து வருவோர் அறிவர், நான் பொறியியலாளன் அல்லன். எனினும் இந்த ஒரு விடயத்தில் எனக்குச் சிறிது அனுபவம் உண்டு. அந்த அனுபவம் இலவசமாகக் கிடைத்ததன்று. என் தங்கையின் கணவர் இதே காரியத்தை 2023 ஆம் ஆண்டிலே செய்தார். செய்யும்படி தூண்டியவர்களுள் நானும் ஒருவன். ஆகவே அன்பருக்கு மூன்று வரியில் பதில் எழுதாமல், நடந்ததை நடந்தவாறே இங்கு எழுதுகிறேன்.

லாண்ட் றோவரின் பிறப்பை முதலிற் சொல்லிவிடுகிறேன். றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டின் அங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் போர்க்காலத்து ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது பழுதுபட்டால் அதற்குப் பதிலாக வாங்குவதற்குப் பிரித்தானிய வண்டி எதுவும் இல்லையே என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே லாண்ட் றோவர். 1948 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அதனை முதன்முதலாக வைத்தார்கள். போர் முடிந்த காலத்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் உடற்பகுதியை அலுமினியக் கலப்பு உலோகத்தாற் செய்தார்கள். நமது மலைநாட்டின் மழையிலும் பனியிலும் ஐம்பது அறுபது ஆண்டு நின்ற வண்டிகளின் மேற்றகடு இன்றும் துருவேறாதிருப்பதற்கு அந்தத் தட்டுப்பாடே காரணம். அடிச்சட்டமோ உருக்கு. வாங்க நினைப்போர் குனிந்து பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

தேயிலைத் தோட்டங்களில் துரைமாரைச் சுமந்தும், பின்னர் கொழுந்தையும் பசளையையும் நோயாளிகளையும் சுமந்தும் இவ்வண்டிகள் உழைத்தமையை மலைநாட்டு வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அவற்றின் ஒரே குறை வயிறு. 2286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் எஞ்சின் ஏறக்குறைய 70 குதிரைவலுவைத் தரும். அதற்கு ஈடாக லீற்றருக்கு ஐந்து அல்லது ஆறு கிலோமீற்றர் மாத்திரமே ஓடும். 2022 ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாம் வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அட்டைமுறை வந்தபோது கார்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று வகுத்தார்கள். என் மைத்துனரின் வண்டிக்கு 20 லீற்றர் என்பது நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போகப் போதும். ஏற்றத்தில் திரும்பி வந்து சேர்வதற்குள் தாங்கி வெறுமை. வரிசையில் நின்று நின்றே அவர் மனம் டீசலின் பக்கம் திரும்பியது. புதிய வண்டி வாங்குவதும் அன்று இயலாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்துவிட்டது 2025 ஆம் ஆண்டிலேதான்.

எந்த எஞ்சினைப் பூட்டுவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். யப்பானிய டீசல் எஞ்சின்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அடுக்கி வைத்துள்ளன, விலையும் மலிவு. ஆனால் லாண்ட் றோவரின் கியர்ப் பெட்டியுடன் அவை நேரே பொருந்தா. இடையில் ஓர் இணைப்புத் தகடு கடைந்து வைக்கவேண்டும். அது மயிரிழை விலகினாலும் கியர்ப் பெட்டியின் முன் தண்டும் அதனைத் தாங்கும் பெயாரிங்கும் சில மாதங்களில் அரைபட்டுப் போகும். மாறாக, 1989 ஆம் ஆண்டு டிஸ்கவறி வண்டியுடன் வெளிவந்த 200 ரிடிஐ என்னும் எஞ்சின் இந்தப் பழைய எஞ்சினின் வழித்தோன்றலே. கொள்ளளவு 2495 கன சென்ரிமீற்றர். தலைமுறை மாறினாலும் பின்புறத்து ஆணித்துளைகள் மாறவில்லை. பழைய கியர்ப் பெட்டி அதனைத் தன் வீட்டுப் பிள்ளையென ஏற்றுக்கொள்ளும்.

முப்பத்தைந்து ஆண்டு கடந்த எஞ்சினைப் புதியது என்கிறீரே என்று மகன்மார் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். 1998 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த லாண்ட் றோவர் டீசல் எஞ்சின்களுக்கு மூளை தனியே ஒரு பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியும் அதன் உணரிகளும் கம்பித் தொகுதியும் சேர்ந்து வராவிடில் அவை வெறும் இரும்பு. இந்த எஞ்சினோ ஓடுவதற்கு ஒரேயொரு மின்கம்பியைத்தான் கேட்கும். எரிபொருளைத் திறந்து மூடும் சிறு அடைப்பிதழுக்கான கம்பி அது. மற்றவை யாவும் பல்லும் வாரும் நெம்பும். தோட்டத்து வழியில் மழையில் நின்றாலும் சாவியும் குறடும் கொண்டு கிளப்பக்கூடிய எஞ்சினே பழைய வண்டிக்கு ஏற்றதென்பது என் அபிப்பிராயம்.

டர்போ என்பது யாது? வீட்டுப் பெண்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஈர விறகு புகைந்தால் ஊதுகுழலை எடுத்து ஊதுகிறோம், அடுப்பு பற்றிக்கொள்கிறது. விறகு கூடவில்லை, காற்றுத்தான் கூடிற்று. டீசல் எஞ்சினிலும் அவ்வாறே. தீப்பொறி கொடுக்கும் பிளக் அதில் இல்லை. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றும். காற்று கூடினால் கூடிய டீசலை எரிக்கலாம். வீணே வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே சிறு சக்கரமொன்றைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை உள்ளே தள்ளுவதுதான் டர்போ. அது நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேல் சுழலும். நெருக்கிய காற்று சூடாகி விரியும் என்பதால், சிறு றேடியேற்றர் போன்ற குளிராக்கி ஒன்றின் வழியாக அதைச் செலுத்தி அடர்த்தியாக்கி அனுப்புகிறார்கள்.

நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள ஊர். அங்கே காற்று மெலிந்தது. சாதாரண எஞ்சின் அங்கே அரைவயிற்றோடு வேலை செய்கிறது. டர்போ உள்ள எஞ்சினுக்கு அந்தக் குறை மிகவுங் குறைவு. பழைய டீசல் எஞ்சின் 62 குதிரைவலு தந்தது, இதுவோ 111. அதிலும் முக்கியமானது முறுக்கு வலு. பெற்றோல் எஞ்சினில் அது 124 அடி இறாத்தல், இதில் 195. அதுவும் நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே கிடைக்கிறது. ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றிக் கை சலித்தவர்களுக்கு இது எத்தகைய ஆறுதலென்பது தெரியும்.

விபத்தில் நொறுங்கிய டிஸ்கவறி ஒன்றின் எஞ்சின் என் மைத்துனருக்குக் கிடைத்தது. அவ்வண்டியின் எஞ்சினில் டர்போ தாழ்வாக அமைந்திருக்கும். பழைய லாண்ட் றோவரின் அடிச்சட்டத்தோடும் எஞ்சின் தாங்கியோடும் மோதும். சிலர் டர்போவையே கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண டீசலாக ஓட்டுகிறார்கள், அதுவும் குற்றமன்று. ஆனால் எங்கள் மைத்துனர் டர்போவுக்காகவே தவங்கிடந்தவர். புகைக்குழாய்த் தொகுதியை மாற்றி அதை உயர்த்தி வைப்பித்தார். குளிராக்கிக்கு இடம் தேடி முன் தகட்டை வெட்டினார்கள். டீசல் எஞ்சின் எரித்தது போக மிச்ச எரிபொருளைத் தாங்கிக்குத் திருப்பியனுப்பும். பெற்றோல் தாங்கியில் அந்தத் திரும்பு குழாய்க்கு வழியில்லாமையால் அதற்கும் ஓட்டை போட்டார்கள். றேடியேற்றர், எண்ணெய்க் குழாய்கள், புகைக்குழாய், கிளச் என்று நாளுக்கொரு செலவு வந்தது. கணக்குப் புத்தகத்தை நான் பார்த்தேன். எஞ்சினுக்குக் கொடுத்த தொகைக்குச் சமமான இன்னொரு தொகை, யாரும் முன்கூட்டி எண்ணாத சில்லறைகளுக்குப் போயிருந்தது. அன்பர் இதனைத் தம் மனைவியாருக்கு மறைக்காமற் சொல்லிவிடுவது நல்லது.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

எஞ்சின் பூட்டி முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தது. நகரத்துக்குள் நாலைந்து நாள் ஓட்டினோம். ஏற்றத்தில் அது ஏறிய விதத்தைக் கண்டு நான் பிள்ளையைப்போல் மகிழ்ந்தேன். பிறேக் மாத்திரம் சற்று இறுக்கமாக இருப்பதாக மைத்துனர் சொன்னார். “புது லைனிங் போட்டிருக்குது ஐயா, ஓட ஓடப் பழகிவிடும்” என்றார் பாஸ். அது நியாயமாகத் தோன்றியது. அருகில் நின்ற நானும் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு கண்டியில் ஒரு கல்யாணம். தங்கையும் அவள் மகளும் முன்னால் இருந்தார்கள். நான் பின்னால் பக்கவாட்டு ஆசனத்தில். லபுக்கலை கடந்து இறம்பொடைப் பக்கத்து வளைவுகளில் இறங்கும்போது மைத்துனர் பிறேக்கை மிதித்தார். வண்டி குறையவேண்டிய அளவு குறையவில்லை. மறுபடி மிதித்தார். இரண்டு வளைவுக்குப் பின் லைனிங் தீயும் நாற்றம் வந்தது. அவர் முழு உடம்பையும் ஊன்றி மிதிப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். “அத்தான், நிக்குதில்லை” என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளை பயந்துவிடுமென்று மெதுவாகச் சொன்னார். தங்கை ஒன்றும் பேசாமல் மகளின் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டாள்.

மூன்றாங் கியரிலிருந்து இரண்டாங் கியருக்குத் தள்ளி, எஞ்சினால் வண்டியைப் பிடித்தார். லாண்ட் றோவரில் கைப் பிறேக் சில்லுகளில் இல்லை. கியர்ப் பெட்டியின் பின்னால், பின்சில்லுக்குச் சுழற்சி கொண்டு செல்லும் தண்டில் இருக்கிறது. ஓடும் வண்டியில் அதை இழுக்கலாகாது என்பார்கள். அன்று அதையும் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்து வாய்க்காலில் ஒரு சில்லை இறக்கி மண்மேட்டில் உரசி நிறுத்தினார். மறுபக்கம் எத்தனை அடிப் பள்ளம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பின்னால் வந்த தேயிலை லொறியொன்று நின்றது. சாரதி வயதானவர். எஞ்சின் மூடியைத் திறந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இந்த பூஸ்டர்க் குழாயை எங்கே கொண்டுபோய் மாட்டியிருக்கிறாங்க பாருங்க ஐயா, டீசலுக்கு அங்கே ஏது உறிஞ்சல்?” என்றார்.

விடயம் இதுதான். பிறேக்கை மிதிக்கும் காலுக்கு உதவியாக உள்ள பூஸ்டர் என்னும் வட்டப் பெட்டி வெற்றிடத்தால் வேலை செய்வது. பெற்றோல் எஞ்சினில், காற்று உட்செல்லும் குழாயை ஒரு மூடி அடைத்து வைத்திருப்பதால் அக்குழாயில் எப்போதும் உறிஞ்சல் இருக்கும். பூஸ்டரின் குழாயை அங்கே இணைத்திருப்பார்கள். டீசல் எஞ்சினில் அத்தகைய மூடி இல்லை. டர்போ இருந்தாலோ அந்த இடத்தில் உறிஞ்சலுக்கு மாறாகத் தள்ளலே இருக்கும். ஆகையால் டீசல் எஞ்சினுக்கென்று தனியே ஒரு வெக்கியூம் பம்பு உண்டு. இந்த எஞ்சினில் அது பக்கவாட்டில் இருந்து உள்தண்டினால் இயங்குவது. எங்கள் பாஸ், பழைய வண்டியில் குழாய் எந்த இடத்தில் இருந்ததோ புதிய எஞ்சினிலும் அதே இடத்தில் மாட்டிவிட்டு, பம்பின் வாயை இறப்பர் மூடியால் அழகாக அடைத்திருந்தார்.

அந்தச் சாரதி தம் லொறியிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்துப் பம்பிலிருந்து பூஸ்டருக்கு இணைத்தார். பின்பு ஒரு சோதனை செய்து காட்டினார். டீசல் பூட்டிய வண்டி வைத்திருப்போர் யாவரும் இதனைக் குறித்துக்கொள்ளவேண்டும். எஞ்சினை நிறுத்தி, பிறேக்கை நாலைந்து முறை மிதித்து, மிதித்த காலை எடுக்காமலே எஞ்சினைக் கிளப்புக. காலின் கீழ் மிதிகட்டை தானே சிறிது கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை வாசல் தாண்டி எடுக்கவேண்டாம். அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒரு குழந்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினோம். குற்றம் பாஸினுடையது மட்டுமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் பஸ்ஸில் போனாள். கல்யாண வீட்டில் என்னோடு பேசவில்லை.

பின்னர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டை வண்டியில் உள்ள 10 அங்குலப் பிறேக் பீப்பாய்களைக் கழற்றி, நீள வண்டியின் 11 அங்குலப் பீப்பாய்களை மாட்டினார் மைத்துனர். முதற் கியரில் எஞ்சினை உறுமவிட்டுக் கிளச்சைச் சடுதியாக விடும் பழக்கத்தை மகன்மாருக்கு இப்போதே தடுத்துவிடுங்கள். இந்த முறுக்கு வலுவுக்குப் பழைய கியர்ப் பெட்டியும் பின்சில்லுத் தண்டுகளும் செய்யப்பட்டவை அல்ல, தண்டுதான் முதலில் முறியும். வேகத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். இவ்வண்டியின் பின் பல்விகிதம் 4.7; மலைக்கு ஏற்றது, சமவெளியில் எஞ்சினை அலறவைப்பது. பழைய றேஞ்ச் றோவரின் 3.54 பல்லைப் போட்டால் கொழும்பு வீதியில் சுகமாக ஓடும். பண்டாரவளையில் இருப்பவருக்கு அது வேண்டியதில்லை. வாங்கும் எஞ்சினின் ரைமிங் வார் எப்போது மாற்றியதென்று விற்பவர் சொல்வதை நம்பாமல், பூட்டுவதற்கு முன்னரே புதியது போடுக. அது அறுந்தால் வால்வுகளும் தள்ளு கம்பிகளும் வளைந்து எஞ்சினைத் திறக்கவேண்டி வரும். ஏற்றம் ஏறி வந்ததும் உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுக. டர்போவின் அச்சுக்கு எண்ணெய் தருவது எஞ்சினே. அது நின்றால் கொதிக்கும் அச்சு எண்ணெயின்றிச் சுழலும்.

காகித வேலையும் உண்டு. எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுச் சான்றிதழில் உள்ளவை. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளவேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். 2008 ஆம் ஆண்டு தொடங்கிய புகைப் பரிசோதனையில் டீசல் வண்டிகளின் புகைக் கறுப்பை அளக்கிறார்கள். பம்பைக் கூட்டித் திருகி வலுவேற்றிய எஞ்சின்கள் அங்கேதான் பிடிபடுகின்றன.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். வண்டி வாரத்தில் ஒரு நாள் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டுமே போவதாயின் பழைய பெற்றோல் எஞ்சினைத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்கும் எரிபொருளால் புதிய எஞ்சினின் செலவு உங்கள் ஆயுளில் திரும்பி வராது. மகன்மார் தினமும் பாவிப்பார்களாயின் தாராளமாகச் செய்யலாம். என் மைத்துனரின் வண்டி இப்போது லீற்றருக்கு ஒன்பது, பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறது. ஆனால் முதற்செலவு பிறேக்குக்கு, இரண்டாவது அடிச்சட்டத்துக்கு, அதன் பின்னரே எஞ்சினுக்கு. இவ்வரிசைக்குப் பணம் போதாதெனில் மனைவியார் சொல்வதே சரி, கூரையைத் திருத்துங்கள்.

தங்கை எட்டு மாதம் அவ்வண்டியில் ஏறவில்லை. ஒருநாள் காலை தானே சாரதி ஆசனத்தில் ஏறி, எஞ்சினை நிறுத்தி, மிதிகட்டையை ஐந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் சாவியைத் திருப்பிப் பார்த்தாள். அதன் பின்புதான் மகளைக் கூப்பிட்டாள். இன்றுவரை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அவளே அதைச் செய்கிறாள். மைத்துனர் வெளியே நின்று காத்திருப்பார்.

அன்பர் மறு கடிதம் எழுதும்போது, தம் வண்டியில் பூஸ்டர் இருக்கிறதா, அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கிறதா அல்லது மண்சட்டிபோல் ஒலிக்கிறதா என்ற இரண்டையும் குறித்தனுப்பினால் மேற்கொண்டு எழுதுவேன். கிணற்றுப் பம்பு தண்ணீர் பிடிக்கவில்லை என்று வவுனியாவிலிருந்து எழுதிய அம்மையாருக்கு அடுத்த வாரம் பதில்.